கூரைக்கு உரியவர் யார்?

சங்கம் என்னும் சொல் பினாங்குத் தமிழருக்குப் புதிதன்று. கோயிற் சங்கம், தொழிற்சங்கம், இளைஞர் மன்றம், எழுத்தாளர் சங்கம் என அவர் கண்ட அமைப்புகள் பல. அவை யாவும் விரும்பிச் சேர்ந்தோரால் ஆனவை. வேண்டாதவர் விலகி நிற்கலாம். அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்தம் அமைப்போ வேறு வகையது. வீட்டை வாங்கியவர் அதன் உறுப்பினர். விற்றாலன்றி விலக வழியில்லை. இத்தகையதோர் அமைப்பு இத்தீவில் எங்ஙனம் தோன்றிற்று என்று காண்பது பயனுடைத்து.

முன்னாளில் கூரை யாருடையது என்னும் வினா எழவில்லை. கம்பத்து வீட்டின் அத்தாப்புக் கூரை ஒழுகினால் வீட்டுக்காரரே ஏறி வேய்ந்தார். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் கூரை சொந்தக்காரருடையது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காவலில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்த குடும்பங்கள் ஓடு உடைந்தால் அவரிடம் முறையிட்டன. அவர் செவியில் அது ஏறிற்றா என்பது வேறு கதை. 1960களின் இறுதியில் ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் எழுந்தன. பதினேழு, பதினெட்டு மாடிகள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அவை அரசு எழுப்பியவை. ஆதலின் மின்தூக்கி நின்றால் எந்த அலுவலகத்தின் வாயிலில் நிற்பது என்பதாவது மக்களுக்குத் தெரிந்திருந்தது.

1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. 1985இல் பாலம் திறக்கப்பட்டது. தீவின் நிலம் பொன் விலை பெற, தனியார் மேம்பாட்டாளர்கள் உயர்ந்த கட்டடங்களை எழுப்பி, வீடு வீடாக விற்றனர். கம்பத்தில் பிறந்தவரின் மகள் பத்தாம் மாடி வீட்டுக்கு வங்கியில் தவணை கட்டலானாள். நான்கு சுவருக்குள் இருப்பது அவளுடையது. படிக்கட்டும் நீர்த்தொட்டியும் மின்தூக்கியும் கூரையும் யாருடையவை?

இவ்வினாவுக்கு விரிவாக விடை வகுத்த இடங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கு 1961இல் இதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. சிங்கப்பூர் 1967இல் தன் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டில் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் அடங்கியிருந்த விதிகள், 1985இல் ‘ஸ்திராட்டா’ பட்டாச் சட்டமாகத் தனி வடிவம் பெற்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பட்டா உண்டு. பொதுச் சொத்து அனைவரின் நிர்வாகக் கழகத்துக்கு உரியது. நிலப் பதிவகத்தில் பதிவேடு திறந்த அன்றே அக்கழகம் தானாகப் பிறக்கும் என்றது சட்டம்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் பதிவேடு திறந்தால்தானே கழகம் பிறக்கும்! பட்டா வருவதற்குப் பல இடங்களில் பல்லாண்டுகள் சென்றன. அதுகாறும் பராமரிப்புப் பணத்தை வாங்கியவர் மேம்பாட்டாளர். கணக்கை அறிந்தவரும் அவரே. பணம் கொடுத்தோர்க்குக் கேட்கும் உரிமை இல்லை. எஸ்.எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வீடு வாங்குவோரின் குறைகளையும் எடுத்துப் பேசிற்று. குடியிருந்தோரும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்க் குடியிருப்பாளர் சங்கங்களைப் பதிந்துகொள்ளலாயினர். உரிமையாளர் அமைப்பின் உண்மையான வித்து இதுவே என்பது என் கருத்து. சட்டம் பிற்பாடு வந்து நீர் ஊற்றிற்று.

யான் அந்நாளில் வாழ்ந்த பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இரு மின்தூக்கிகளும் ஒருசேர நின்றன. ஒன்பதாம் மாடியில் தனியே வாழ்ந்த மூதாட்டியார் ஒருவர் மூன்று வாரங்கள் கீழே இறங்கவில்லை. எரிவாயுக் கலனை அண்டை வீட்டு இளைஞர்கள் தோளில் சுமந்து ஏற்றினர். ஓய்வு பெற்ற சீனக் கெராணி ஒருவர், மலாய்த் தாதி ஒருவர், தமிழாசிரியர் ஒருவர் என மூவர் வாகன நிறுத்துமிடத்தில் கூடி, வீட்டுக்கு இருபது வெள்ளி திரட்டப் புறப்பட்டனர். பாதிப்பேர் கொடுத்தனர், மீதிப்பேர் கதவைத் திறக்கவில்லை. தூக்கி ஓடத் தொடங்கியதும் கொடாதவரும் அதிலேயே ஏறினர். இறங்கு என்று சொல்ல அம்மூவர்க்கு என்ன அதிகாரம்?

பொதுச் சொத்தைப் பேணும் சிக்கல் பினாங்குக்கு இதற்கு முன்பும் நேர்ந்ததுண்டு. பள்ளிவாசல்களுக்கும் கோயில்களுக்கும் முன்னோர் எழுதி வைத்த அறக்கொடைகள் சீர்குலைந்தபோது, குடியேற்ற அரசு 1905இல் சட்டமியற்றி, முஸ்லிம், இந்து அறப்பணி வாரியத்தை நிறுவ வழி செய்தது. அங்குக் கொடுத்தவர் மறைந்துபோனவர். கணக்குக் கேட்க வரமாட்டார். அடுக்ககத்திலோ கொடுத்தவர் ஒவ்வொரு மாடியிலும் உயிரோடு இருந்தார். அவருக்குச் சட்டம் வாய் கொடுக்கவில்லை.

அந்த வாய் 2007 ஏப்ரல் 12இல் நடப்புக்கு வந்த சட்டத்தால் கிடைத்தது. பட்டா வரும்வரை காத்திராமல், மேம்பாட்டாளரும் வாங்கியோரும் சேர்ந்த கூட்டு நிர்வாக மன்றம் ஒன்றை ஓராண்டுக்குள் கூட்ட வேண்டும். கணக்கு அதனிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மேற்பார்வைக்குக் கட்டட ஆணையர் உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 2015 ஜூன் மாதம் இதன் இடத்தைப் பெற்றது. உரிமையாளர் தேர்ந்தெடுக்கும் செயற்குழுவில் 3 பேருக்குக் குறையலாகாது, 14 பேருக்கு மிகலாகாது. கட்டணத்தோடு ஒரு தொகை வருங்காலச் செலவுக்கெனத் தனி நிதியாகச் சேரும். பாக்கி வைத்தவர்க்கு வாக்கில்லை.

எங்கள் கட்டடத்தின் முதற் கூட்டம் 2008இல் கீழ்த்தளத்தில் நடந்தது. குறிப்பேடு மலாயில் எழுதப்பட்டது. தமிழாசிரியர் அருகிருந்த முதியோர்க்கு அதனைத் தமிழில் விளக்கினார். கூரைப் பழுதுக்கு ஒவ்வொருவரும் தத்தம் பங்கலகுக்கு ஏற்பச் செலுத்த வேண்டும் என்றதும், ஒன்பதாம் மாடி மூதாட்டியார் கை தூக்கினார்.

“வாத்தியாரே, கூரை ஒழுகினா பன்னிரண்டாம் மாடிக்காரருக்குத்தானே நனையும்? நான் எதுக்குக் கட்டணும்?”

ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. “அம்மா, மின்தூக்கி நின்னப்போ முதல் மாடிக்காரரும் இருபது வெள்ளி கொடுத்தாரே, நினைவிருக்கா?” என்று மட்டும் கேட்டார். மூதாட்டியார் சற்றுநேரம் அந்த முதல் மாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணி வைத்துவிட்டு, ரசீது வாங்கும்வரை எழுந்திருக்கவில்லை.