ரொட்டி கடல் கடந்த கதை

கடல் கடந்து வாழும் நமக்குப் பயணம் புதிதன்று. நம் முன்னோர் பிழைப்பை நாடிக் கடல் கடந்தனர். இன்று நம் குடும்பத்தினர் சிலர் மகிழ்ச்சியை நாடிக் கடல் கடக்கின்றனர். ஐரோப்பாவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், ஆங்குள்ள மாதா கோயில்களையும் ஓவியக் கூடங்களையும் கண்டு திரும்புகின்றனர். ஆயினும் அவர்கள் மறவாது எடுத்துரைப்பது, பாரிசு நகரத் தெருவில், விடியற்காலைக் குளிரில், நீண்ட ரொட்டியைச் சுடச்சுட வாங்கிப் பிய்த்து உண்ட இன்பத்தையே. ஊர் திரும்பியபின் அச்சுவையை நாடி வீட்டிலேயே மாவு பிசையவும் தொடங்கிவிடுகின்றனர்.

நல்ல ஆசைதான், நாமும் அதனை வரவேற்கிறோம். ஆனால் ஐரோப்பியரின் ரொட்டியைத் தேடி நாம் செல்வதற்கு நெடுங்காலம் முன்பே, அது நம் தீவுகளைத் தேடி வந்துவிட்டது. அது வந்த வழியைச் சிறிது காண்போம்.

முதலில் நிக்கோபாருக்கு வந்த ஐரோப்பியக் குடியேற்றம் நம் தமிழ்க் கரையிலிருந்தே புறப்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாழ்ந்த டேனியர் 1755ஆம் ஆண்டில் நிக்கோபாருக்குக் கப்பல் விட்டனர். 1756இல் தம் மன்னர் பிரெடரிக்கின் பெயரையே தீவுகளுக்குச் சூட்டினர். பெயர் சூட்டுவது எளிதாயிற்று, வாழ்வது அரிதாயிற்று. காய்ச்சல் அவர்களை வாட்டியது. பல முறை வந்தும் நிலைக்க இயலாது, 1868ஆம் ஆண்டில் தம் உரிமையை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டு நீங்கினர்.

கோதுமை விளையாத அத்தீவுகளில் மக்கள் ரொட்டி இன்றியா வாழ்ந்தனர்? இல்லை. நிக்கோபாரியர் தாழையினத்து மரமொன்றின் பெரும் பழத்தை மண்பானையில் வேகவைத்து, நாரை நீக்கிச் சதையைத் திரட்டி, ரொட்டிபோல் ஆக்கி உண்டுவந்தனர். அதைக் கண்ட ஐரோப்பியர் அப்பழத்திற்கு ‘நிக்கோபார் ரொட்டிப்பழம்’ என்றே பெயரிட்டனர். வேகவைக்கும் பானைகள் சௌரா தீவில் வனையப்பட்டவை. வீட்டில் ரொட்டி ஆக்கும் கலை, வெள்ளையர் வருமுன்பே இக்கடலில் இருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1858ஆம் ஆண்டினை நம் தீவுகளின் வரலாறு மறவாது. உலகைச் சுற்றிப் பார்த்து அறிவு தேடப் புறப்பட்ட ஆஸ்திரியாவின் ‘நோவரா’ என்னும் கப்பல், அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நிக்கோபார்த் தீவுகளில் தங்கியது. செடிகொடிகளையும் சிப்பிகளையும் மக்களின் வழக்கங்களையும் அதன் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அதே மார்ச்சு மாதம் 10ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்பவர் இருநூறு கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். ஒரே கடலில், ஒரே மாதத்தில், ஒரு கப்பலில் விரும்பி வந்த பயணிகள். மற்றொன்றில் விலங்கிட்டுக் கொணரப்பட்ட மனிதர்கள்!

அக்கைதிகளின் உழைப்பில் ராஸ் தீவு தலைமையிடமாக எழுந்தது. மாளிகை, மாதா கோயில், அச்சகம், கேளிக்கை மன்றம் ஆகியவற்றோடு ரொட்டி சுடும் கூடமும் அங்கே அமைந்தது. கோதுமை மாவு கப்பலில் வந்தாக வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் அது கெடாமலும் வண்டு விழாமலும் காக்க வேண்டும். இத்தனை தொல்லையையும் பொறுத்து, தாய்நாட்டுச் சுவையை ஆங்கிலேயர் இங்கே நிலைநாட்டினர். அதற்காக அவர்களை நாம் நகைக்க இயலாது. ஆட்டுக்கல்லையும் புளியையும் சுமந்துகொண்டு கப்பலேறியவர்களின் மக்கள் அல்லவா நாம்!

ஆனால் அக்கரையில் நின்ற சிறையை மறந்துவிட இயலுமா? 1933ஆம் ஆண்டு மே மாதத்தில், மனிதருக்குரிய உணவும் வெளிச்சமும் படிக்க நூல்களும் வேண்டும் என்று அரசியல் கைதிகள் செல்லுலர் சிறையில் உண்ணா நோன்பு இருந்தனர். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். குறுகிய கடலின் ஒரு கரையில் ரொட்டி மணம். மறு கரையில் நல்லுணவுக்காக உயிர்த்தியாகம். 1941இல் நிலநடுக்கமும், 1942இல் சப்பானியர் வருகையும் ராஸ் தீவின் சிறப்பை முடித்தன. 2018 முதல் நேதாஜியின் பெயரைத் தாங்கும் அத்தீவில், ரொட்டிக் கூடத்தின் இடிந்த சுவர்களை இன்றும் காணலாம்.

ரொட்டி மற்றொரு வழியாகவும் வந்தது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில, 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் ‘பாண்’ என்று பெயர். அதைச் சுடும் அடுப்புக்குப் ‘போறணை’ என்று பெயர். இரண்டும் 1505இல் இலங்கை வந்த போர்த்துகேசியர் விட்டுச்சென்ற சொற்கள். ஆள வந்தவன் போய்விட்டான். அவன் சொல்லோ உழைக்கும் தமிழனின் நாவில் நிலைத்துவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைப் பெரிதும் அழித்தது. எஞ்சிய முதியோரின் நினைவுகளையேனும் நாம் எழுதிவைக்க வேண்டாவா?

பயணம் செய்வது எவ்வாறு என்பதற்கு நமக்கு ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூர் ஏ. கே. செட்டியார், 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்கையில், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க எண்ணம் கொண்டார். பின்னர் ஐரோப்பிய நாடுகளிலும் அலைந்து, பழைய படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். 1940இல் படம் வெளிவந்தது. கண்டு களித்ததோடு நில்லாமல் தேடிக் கொணர்ந்த பயணம் அது.

ஆதலின், ஐரோப்பா செல்லும் நம்மவர் மகிழ்ச்சியோடு சென்று வருக! வீட்டில் ரொட்டியும் சுடுக! இட்லி மாவைப் புளிக்கவைத்துப் பழகிய கைகளுக்கு அது கடினமன்று. நம் புழுக்கத்தில் மாவு விரைந்து பொங்கிவிடும், அதை மட்டும் கவனித்தல் வேண்டும். சூடு ஆறுமுன் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுக்கும்பொழுது, தாழைப்பழம் வேகவைத்த பானையையும், ராஸ் தீவின் இடிந்த கூடத்தையும், பசித்திருந்து மாய்ந்த மூவரையும், கச்சாலின் பாணையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். கச்சாலிலிருந்து வந்த பெரியோர் நம் இல்லங்களில் இருப்பின், அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். அடுத்த ஆண்டு மலர் அதனால் மணம் பெறட்டும்.