பெயர் வினைச்சொல்லான கதை

ஆங்கில மொழியிலே ‘பர்க்’ என்றொரு வினைச்சொல் உண்டு. இன்று அது அரிதாகவே வழங்குகிறது. காயம் தெரியாதவாறு மூச்சடைத்துக் கொல்லுதல் என்பது அதன் முதற்பொருள். ஒரு விசாரணையையோ வினாவையோ ஓசையின்றி அமுக்கிவிடுதல் என்பது பின்னர்க் கிளைத்த பொருள். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றஞ்சாட்டி முழங்கிய எட்மண்ட் பர்க்கை எண்ணி நாம் மயங்கலாகாது. இச்சொல்லுக்கு உரியவன் வில்லியம் பர்க் என்னும் கூலியாள்.

அயர்லாந்திலே பிறந்த அவன், பிழைப்பை நாடி ஸ்காட்லாந்து சென்று கால்வாய் வெட்டும் வேலையில் அமர்ந்தான். பின்னர் எடின்பரோ நகரில் வில்லியம் ஹேர் என்பவனது மலிவான விடுதியில் குடிபுகுந்தான். அந்நகரம் மருத்துவக் கல்விக்குப் பேர்போனது. ஆயின், உடற்கூறு பயிலச் சட்டப்படி கிடைத்த உடல்களோ மிகச் சில. ஆகவே பிணத்துக்கும் விலை ஏற்பட்டது.

1827ஆம் ஆண்டு நவம்பரில், வாடகைப் பாக்கியோடு முதியவர் ஒருவர் அவ்விடுதியில் இயற்கையாக இறந்தார். அவருடைய உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூற்றுப் பள்ளிக்கு இருவரும் ஏழரைப் பவுனுக்கு விற்றனர். காசின் சுவை கண்டபின் சாவுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. 1828இல் 16 பேரைக் கொன்றனர். மதுவூட்டி மயக்கி, வாயையும் மூக்கையும் பொத்துவதே அவர்கள் கையாண்ட முறை. மாண்டோரிற் பெரும்பாலோர் தேடுவாரற்ற ஏழைகள். ஊர்விட்டு ஊர் வந்தோரும் அவர்களில் இருந்தனர்.

அவ்வாண்டின் இறுதியில் குற்றம் வெளிப்பட்டது. ஹேர் அப்ரூவராக மாறி உயிர் தப்பினான். 1829 ஜனவரி 28ஆம் நாள் பர்க் தூக்கிலிடப்பட்டான். திரண்டிருந்த மக்கள், கயிறு வேண்டாம், அவனையும் ‘பர்க்’ செய்யுங்கள் என்று கூவினராம். அவ்வாறு அவன் பெயரே வினைச்சொல்லாயிற்று. அவனுடைய உடலும் மாணவர் முன் அறுக்கப்பட்டது; எலும்புக்கூடு எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

1831இல் லண்டனிலும் இத்தகைய கொலை நிகழ்ந்தது. மறு ஆண்டே, 1832இல், உடற்கூற்றுச் சட்டம் பிறந்தது. பிண வாணிகம் ஒழிந்தது உண்மையே. ஆனால் அச்சட்டம் மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்கியதோ, ஏழையர் விடுதிகளில் இறந்து, உரிமை கோருவாரின்றிக் கிடந்தவர்களின் உடல்களை. கொலை நின்றது; கொடுப்பவர் மட்டும் ஏழையராகவே இருந்தனர்.

டாக்டர் நாக்ஸ் மீது வழக்கே தொடரப்படவில்லை. உடல்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்டறிய முற்பட்டிருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்வியை அமுக்கிவிடுவதும் ‘பர்க்’ செய்தலே அன்றோ? விற்றவன் பெயர் அகராதியில் ஏறிற்று. வாங்கியவர் பெயர் ஏறவில்லை.