பெயர்ப்பலகையும் பழக்கமும்: சைதாப்பேட்டை வடகறியை முன்வைத்துச் சென்னை உணவகங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உள்ளூர் உணவகத்தைத் தொடர் உணவகத்துக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசும் போக்கு அண்மைக்கால உணவுப் பண்பாட்டு எழுத்துகளில் வலுப்பெற்றுள்ளது. இவ்வெதிர்நிலை சென்னையின் வரலாற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சைதாப்பேட்டையையும் அப்பகுதியின் பெயரோடு இணைந்துவிட்ட வடகறியையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உணவகம் தன்னிடம் வருவோருக்கு அளிக்கும் உறுதி சாதி, வணிகப் பெயர், பழக்கம் என மூன்று வகையாக அமைந்துள்ளது. உள்ளூர்த்தன்மையை உணவுப் பண்டத்தில் தேடாமல் இவ்வுறுதியின் தன்மையில் தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சைதாப்பேட்டை, வடகறி, சிற்றுண்டிச் சாலை, உடுப்பி உணவகம், தொடர் உணவகம், சாதி, பெயர்ப்பலகை.

1. முன்னுரை

உணவுப் பண்டங்களை விற்போரை மதுரைக்காஞ்சியே காட்டுகிறது. வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் சோறிட்டன; கோயில் மடைப்பள்ளிகள் பிரசாதம் வழங்கின. எனினும் முன்பின் அறியாதவர் சமைத்ததைக் காசு கொடுத்து வாங்கி, முன்பின் அறியாதவரின் அருகே அமர்ந்து நாள்தோறும் உண்ணும் வழக்கம் நவீன நகரத்தோடுதான் பரவலாயிற்று. இவ்வழக்கம் ஒரு கேள்வியையும் உடன் கொணர்ந்தது: இந்த உணவை எதை நம்பி உண்பது?

சென்னை உணவகங்களின் வரலாற்றை இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறாகப் படிக்கலாம். காப்பிக் கடைகளின் பண்பாட்டு அரசியலை ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரை தமிழாய்வுக்கு அறிமுகப்படுத்தியுள்ளது. உடுப்பி உணவகங்கள் குறித்துச் சமூகவியலாளர் எழுதியுள்ளனர். நகரின் விளிம்பில் இருந்த பேட்டைகளின் சிற்றுண்டிக் கடைகளும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவை.

2. சைதாப்பேட்டையும் அதன் உண்போரும்

சைதாப்பேட்டை 1946இல்தான் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வந்தது. அதற்கு முன்பு அது தனி நகராட்சி. செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் இங்கு இயங்கியது. 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்ட வேளாண் கல்விக்கூடத்தின் தொடக்கம் இவ்வூரே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இன்றும் உள்ளது. அடையாற்றின் மீது அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த பாலம், தெற்கிலிருந்து நகருக்குள் வருவோரை இவ்வூர் வழியே அழைத்துவந்தது. அதன் இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபின் இவ்வூர் அன்றாடப் பயணிகளின் நிறுத்தமாயிற்று.

இத்தகவல்கள் உணவக வரலாற்றோடு நேரடித் தொடர்புடையவை. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தவர், நீதிமன்ற வாய்தாவுக்கு வந்தவர், பயிற்சி மாணவர், சந்தை வணிகர், ஆற்றங்கரைச் சலவைத் தொழிலாளர் என வெவ்வேறு வகையினர் காலைப் பசியோடு ஒரே தெருக்களில் புழங்கினர். மயிலாப்பூர் மாடவீதிகளின் உணவகங்களுக்கு வாய்த்தது போன்ற, சமூக அளவில் ஒருபடித்தான வாடிக்கையாளர் கூட்டம் இங்கு இல்லை.

3. சாதி அளித்த உறுதி

‘எதை நம்பி உண்பது’ என்ற கேள்விக்குத் தொடக்ககால நகர உணவகங்கள் அளித்த விடை பெயர்ப்பலகையில் இருந்தது. ‘பிராமணாள்’ என்ற சொல் சமைப்பவர் யார் என்பதை அறிவித்தது. யார் எங்கு அமரலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் ஒதுக்கும் முறை, பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப் பின் 1941இல் கைவிடப்பட்டது. பொது உணவகங்களில் சாதி, மதம் முதலியவற்றின் அடிப்படையில் எவரையும் தடுக்கலாகாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு விதித்தது. பலகை அதற்குப் பிறகும் நீடித்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகம் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நாள்தோறும் நடைபெற்று, 1958இல் அச்சொல் நீக்கப்பட்டபின் முடிவுற்றது.

அந்தப் பலகையைத் தாங்கியவை தொடர் உணவகங்கள் அல்ல. அவை உரிமையாளரே கல்லாவில் அமர்ந்த, தெருவாசிகள் அறிந்த உள்ளூர் உணவகங்கள். எனவே ‘உள்ளூர்’ என்பதைத் தன்னளவில் நற்பண்பாகக் கொள்ளும் இன்றைய எழுத்துகள் வரலாற்றின் ஒரு பகுதியை மறந்தே பேசுகின்றன. அவ்வுணவகங்களின் அணுக்கம் சிலருக்கே வாய்த்தது. ஏனையோருக்கு அது வாசற்படியோடு நின்றது.

4. வணிகப் பெயர் அளித்த உறுதி

சாதிப் பலகை வலுவிழந்தபோது அதன் இடத்தை வணிகப் பெயர் நிரப்பத் தொடங்கியது. உடுப்பி கிருஷ்ணராவ் 1938இல் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் இம்மாற்றத்தின் முக்கியக் கட்டம். 1962 முதல் 2008 வரை கதீட்ரல் சாலையில் நடைபெற்ற அதன் டிரைவ்-இன் உணவகம் சென்னையின் பொதுவெளிகளுள் ஒன்றாக விளங்கியது. உடுப்பி உணவகத்தின் மடிச் சமையல் மரபு, அதன் பெயரைத் தூய்மைக்கும் மாறாத சுவைக்கும் அடையாளமாக்கியது. சாதியைச் சொல்லாமலே அதன் உறுதியைத் தரும் ஆற்றல் அப்பெயருக்கு இருந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜார்ஜ் ரிட்சர் 1993இல் வெளியிட்ட நூலில், தொடர் உணவகத்தின் இயல்புகளாகச் செயல்திறன், கணக்கிடத்தக்கமை, முன்கூட்டியே அறியத்தக்கமை, கட்டுப்பாடு ஆகிய நான்கைச் சுட்டினார். அவற்றுள் முன்கூட்டியே அறியத்தக்கமை சென்னைக்கு மேலைநாட்டு நிறுவனங்களால் வந்ததன்று என்பது மேற்கண்ட வரலாற்றால் தெளிவாகும். 1981இல் கே.கே. நகரில் ஒரு தனிக்கடையாகத் தொடங்கிய சரவண பவன் பின்னர் வெளிநாடுகளிலும் கிளைகள் கொண்ட தொடராக வளர்ந்தது. சைதாப்பேட்டைக்கு அருகிலுள்ள குடியிருப்புப் பகுதியின் உள்ளூர் உணவகமே தொடர் உணவகமாயிற்று. ஆகவே இவ்விரண்டையும் வேறு வேறு இனங்களாகப் பகுப்பதைவிட, ஒரே உணவகத்தின் வாழ்வில் நேரக்கூடிய இரு நிலைகளாகக் காண்பது பொருத்தமாகும்.

5. வடகறியும் பழக்கம் அளித்த உறுதியும்

கடலைப்பருப்பை ஊறவைத்துச் சோம்புடன் கரகரப்பாக அரைத்து, எண்ணெயில் பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ உதிர்த்து, வெங்காயம், தக்காளி, பட்டை, கிராம்பு சேர்ந்த குழம்பில் கொதிக்கவைப்பது வடகறி. இட்லிக்கும் தோசைக்கும் இடியாப்பத்துக்கும் இது துணை. மீந்த மசால்வடையைப் பயன்படுத்தும் முயற்சியில் பிறந்தது என்பது இதன் தோற்றம் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இப்பண்டத்துக்குப் பெயர் பெற்றது சைதாப்பேட்டை மாரி ஓட்டல். ‘சைதாப்பேட்டை வடகறி’ என்ற தொடர் இன்று பிற பகுதிகளின் உணவுப் பட்டியல்களிலும் சமையல் குறிப்புகளிலும் வழங்குகிறது.

இப்பண்டம் இரு வகைகளில் ஆய்வுக்குரியது. முதலாவது, அதன் மணம். உடுப்பி மடத்து மரபுச் சமையல் வெங்காயம், பூண்டைத் தவிர்ப்பது. வடகறியோ மாமிசக் குழம்புக்குரிய பட்டை, கிராம்பு, சோம்பு மணத்தைப் பருப்புக்கு ஏற்றுகிறது. சைவ உணவுக்கும் அசைவ உணவுக்கும் இடையே நகர உணவகங்கள் வரைந்த சுவைக்கோட்டை இது கடக்கிறது. பல வகையினர் புழங்கிய பேட்டையின் பெயர் இத்தகைய பண்டத்தோடு இணைந்தது இயல்பானதே.

இரண்டாவது, அதன் பொருளியல். மீந்ததை மறுபடியும் பண்டமாக்க வேண்டுமானால் மாலையில் எவ்வளவு வடை விற்கும், காலையில் எத்தனை பேர் வருவர் என்பது சமைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீந்ததிலிருந்து செய்ததை உண்பவரும் ஐயமின்றி ஏற்கவேண்டும். இரண்டுக்கும் நாள்தோறும் பழகிய உறவே அடிப்படை. மையச் சமையற்கூடத்திலிருந்து கிளைகளுக்கு அளந்து அனுப்பும் முறையில் வடகறியைச் செய்ய இயலும். தொடர் உணவகங்களும் அதைப் பரிமாறுகின்றன. அங்கு அது வடகறிக்கென்றே அரைத்த பருப்பிலிருந்து செய்யப்படும். பண்டம் கிளைகளுக்குச் செல்கிறது. அதைத் தோற்றுவித்த உறவு உடன் செல்வதில்லை. சாதி, வணிகப் பெயர் ஆகிய இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது உறுதி இப்பழக்கமே.

6. விதிவிலக்காக ஒரு தொடர்

இப்பகுப்பைச் சோதிக்க அம்மா உணவகம் உதவும். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய இவ்வுணவகங்கள் இட்லியை 1 ரூபாய்க்கும் சாம்பார் சாதத்தை 5 ரூபாய்க்கும் தயிர் சாதத்தை 3 ரூபாய்க்கும் வழங்கின. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பட்டியல் ஆகியவற்றால் இது தொடர் உணவகமே. எனினும் வட்டந்தோறும் அமைந்து, மகளிர் சுய உதவிக் குழுக்களின் உழைப்பில் நடப்பதால், சமைப்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறிய அங்கு வாய்ப்புண்டு. எவரையும் விலக்காத வாசலும் கூலித் தொழிலாளருக்கு எட்டும் விலையும் ஒரு தொடரிலேயே அமைந்தன. ‘பிராமணாள்’ பலகை மாட்டிய உள்ளூர்க் கடையோடு ஒப்பிட்டால், உள்ளூர்–தொடர் எதிர்நிலை மட்டுமே மதிப்பீட்டுக்குப் போதாது என்பது புலனாகும்.

7. முடிவுரை

சென்னையில் உணவகத்தைத் தேர்வது சுவையை மட்டும் சார்ந்த செயலாக இருந்ததில்லை. யார் சமைத்தார் என்ற சாதி உறுதியிலிருந்து, எங்கும் மாறாது என்ற வணிக உறுதிக்கு நகரம் நகர்ந்தது. இவ்விரண்டுக்கும் புறத்தே, பேட்டைகளின் சிறு கடைகள் பழக்கத்தின் உறுதியைக் கொண்டு இயங்கின. உள்ளூர் உணவகங்களைப் பேணவேண்டும் என்று வாதிடுவோர் பேணத்தக்கது எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். பண்டத்தையோ ஊர்ப்பெயரையோ பேணுவது எளிது. ‘சைதாப்பேட்டை வடகறி’ ஏற்கெனவே வேற்றூர்ப் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்டது. வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பது, அன்றாடம் உழைப்பவருக்கு எட்டும் விலை, வருவோரை அறிந்து அளவோடு சமைத்தல் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால், சில உள்ளூர்க் கடைகள் அதில் தேறா. சில தொடர்கள் தேறக்கூடும்.

இவ்வளவுகோலைப் பிற பேட்டைகளுக்கும் பொருத்திப் பார்க்க மாநகராட்சி உரிமப் பதிவுகள், நாளிதழ் விளம்பரங்கள் ஆகியவற்றோடு சமையற்காரர்கள், பரிமாறுவோர், நெடுநாள் வாடிக்கையாளர்கள் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளையும் தொகுக்கவேண்டும். பழக்கத்தின் உறுதி பெயர்ப்பலகையில் எழுதப்படுவதில்லை. ஆதலால் அப்பழக்கத்தில் வாழ்ந்தவர்கள் இருக்கும்போதே இத்தொகுப்புப் பணி நடைபெறுவது இன்றியமையாதது.