மனப்பாடப் பகுதியாகிப் போன நாடகம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை வணக்கத்தில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு நாடக நூலின் முகப்பிலிருந்து எடுத்தது. நூல் மனோன்மணீயம், ஆண்டு 1891. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை 1870களின் பிற்பகுதியில் நெல்லையில் தலைமையாசிரியராக இருந்தவர்; அவர் பணியாற்றிய பள்ளிதான் பின்னாளில் ம.தி.தா. இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அவருடைய குரு தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூரின் சுந்தர சுவாமிகள். கதையிலும் பாண்டியன் சீவகன் மதுரையை விட்டு வந்து நெல்லையில்தான் கோட்டை கட்டுகிறான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒருவர் இந்த ஊரையே களமாக வைத்து எழுதிய நாடகம், வகுப்பறைக்கு வந்தபோது செய்யுளாகத்தான் வந்தது. பதவுரை கேட்டார்கள், இலக்கணக் குறிப்பு கேட்டார்கள். எழுந்து நின்று, நாடகத்தில் வரும் சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனாகப் பேசு என்று யார் கேட்டார்கள்? படிப்பதற்கென்றே எழுதிய நூல் அது என்பார்கள். உண்மைதான், ஆனால் வாய்விட்டுப் படிப்பதற்கு அது தடையில்லையே.

நாவுக்கும் உடம்புக்குமான பயிற்சி வளர்ந்தது பள்ளிக்கு வெளியே. அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த, தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். கணக்கெழுதும் வேலையை உதறிவிட்டு இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்தார். பெரிய நடிகர்கள், எழுதிக் கொடுத்த வரியில் நிற்காமல் மேடையிலேயே மனம்போல் பேசுவதைக் கண்டு சலித்தவர், சிறுவர்களைப் பழக்கினால் ஒழுங்கு வரும் என்று நம்பினார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் ஆறு வயதுப் பையனாக டி.கே. சண்முகம் சேர்ந்தார். அந்தப் பையனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தது நாடக உலகில் பெயர்போன செய்தி. பள்ளிப் படிப்பைத் தொடராத சண்முகம் பிற்காலத்தில் மேடைப் பேச்சாளராகவும் நூலாசிரியராகவும் விளங்கினார். வேடம் எவ்வளவு சிறியதானாலும் பாடம் ஒப்பிக்க வேண்டும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேச வேண்டும் என்ற பழக்கம் செய்த வேலை அது.

மனப்பாடத்தால் தன்னம்பிக்கை வருமா, கிளிப்பிள்ளைகள்தானே உருவாகும் என்ற கேள்வி நியாயமானது. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு கூடி ‘வள்ளி திருமணம்’ ஆடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான், வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் எதிராளி கேட்டதற்கு அந்தக் கணமே விடை கட்ட முடிகிறது. சரக்கு கைவசம் இருப்பவன் பேச்சுக்குத் திணறுவதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் அடி உண்டு, பெற்றோரைப் பிரிந்த வாழ்வு உண்டு, மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பெண் வேடமிடும் ஸ்திரீபார்ட் பையனின் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். பெயர் பெற்றவர்களின் கதைதான் நமக்குக் கிடைக்கிறது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குப் பதிவில்லை. அந்தக் கம்பெனி முறையை மீட்டெடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிரம்பை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். நாங்குநேரியில் பிறந்து, ஆசிரியராக இருந்து, தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று திரும்பிய சே. இராமானுஜம் குழந்தைகள் நாடகத்துக்காக நெடுங்காலம் உழைத்தார். விளையாட்டாகவே நடிப்பைக் கற்பிக்கலாம் என்பதற்கு அவருடைய உழைப்பே சான்று. 2016இல் அவர் மறைந்தார்.

பள்ளிகளில் இப்போது கலைத் திருவிழா நடக்கிறதே என்று கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் போட்டி, ஏற்கெனவே துணிந்த பிள்ளையைத்தான் தேர்ந்தெடுத்து மேடை ஏற்றுகிறது. வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை கீழே உட்கார்ந்து கை தட்டுகிறது. நாடகம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது எட்டுவதில்லை. நெல்லைத் தமிழாசிரியர்கள் மனோன்மணீயத்தின் ஒரு காட்சியை வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்து உரக்கப் பேச வைக்கட்டும். திரையும் ஒப்பனையும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும்.