பல்லாவரத்துக் கல்லும் நம்ம கிச்சன் மேடையும்

தாம்பரம் பக்கம் பழைய வீட்டுக்கு வாடகைக்குப் போறீங்களா? கிச்சன் மேடையை உத்துப் பாருங்க. கருப்புக் கல்லுல அங்கங்கே வெளுத்த வட்டம் இருந்தா, அது பெரும்பாலும் கடப்பா கல். ஆந்திராவோட கடப்பா பக்கத்துலேர்ந்து வர்ற சுண்ணாம்புக்கல். புளித்தண்ணி சிந்தினா மேல்பரப்பு அரிச்சிடும். அது கறை இல்ல, அதான் தேய்ச்சாலும் போகாது. ஆசிட் ஊத்தினா இன்னும் மோசம்.

வேடிக்கை என்னன்னா, புளிக்கு அசையாத கல் பல்லாவரம் மலையிலயே இருக்கு. கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக் கல்லறைப் பலகை, இந்தப் பக்கத்துக் கல்லாத்தான் கருதப்படுது. தாமஸ் ஹாலண்ட்ங்கிற புவியியலாளர் அதை ஆராய்ஞ்சு, 1893-ல அந்தப் பாறைக்கு ‘சார்னாக்கைட்’னு பேர் வெச்சார். கல் நம்மூர்து, பேர் மட்டும் கல்கத்தாக்காரருது!

அப்புறம் ஏன் மேடைக்குக் கடப்பா? அது அடுக்கு அடுக்கா இருக்கும், பலகையா சுலபமாப் பிரியும், விலையும் கம்மி. நம்ம கருங்கல் அப்படிப் பிரியாது. மிஷின்ல அறுத்து, பாலிஷ் போடணும். அதனால மலையை உடைச்சு ஜல்லியாக்கிட்டோம். அது ரோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் போச்சு. திரிசூலம், பம்மல் பக்கம் மிச்சம் இருக்கிறது தண்ணி தேங்கின குவாரிப் பள்ளம்தான்.

இப்போ மேடைக்குக் கல் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு: கடையில வெட்டின துண்டு ஒண்ணு கேட்டு வாங்குங்க. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழிச்சுத் துடைச்சுப் பாருங்க. பளபளப்பு போயிருந்தா, கடைக்காரர் கிரானைட்னு சொன்னாலும் நம்பாதீங்க.