விற்கும் உரிமையில்லாத கொடை

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் 1990களின் பிற்பகுதியையும் அதனையடுத்த பத்தாண்டுகளையும் தாராள மனத்தின் காலம் என்று வர்ணிப்பது வழக்கம். மாணவர்களும் வேறு தொழில் பார்த்தவர்களும் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், இரவிரவாக உழைத்து உருவாக்கிய விளையாட்டுகளை ஒரு சதமும் வாங்காது இணையத்தில் இட்டனர். உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் அவற்றைத் தரவிறக்கம் செய்து விளையாடினர். இது உண்மை. அவர்களிற் பலர் தமது படைப்பை விற்க விரும்பியிருந்தாலும் அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை என்பதும் உண்மை. முதலாவது உண்மை பேசப்படுமளவுக்கு இரண்டாவது பேசப்படுவதில்லை.

காரணம், விளையாட்டு எஞ்சின் எனப்படும் மென்பொருள். திரையில் காட்சியை வரைவது, ஒலியை எழுப்புவது, சுவரில் மோதியவனை நிறுத்துவது, இணையத்தின் வழியே பலரை ஒரே களத்தில் சேர்ப்பது ஆகியவை எஞ்சினின் வேலைகள். கதையும் களமும் உருவங்களும் அதன் மேல் ஏற்றப்படுபவை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் சிறுசஞ்சிகை நடத்தியவர்கள் எவரிடமும் சொந்த அச்சகம் இருந்ததில்லை. ஈய எழுத்துகளும் இயந்திரமும் அச்சக உரிமையாளருடையவை. கட்டுரையும் கவிதையும் இவர்களுடையவை. எஞ்சினுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. என் அச்சகத்தில் அடித்த சஞ்சிகையை நீ விற்கக்கூடாது, சும்மாதான் கொடுக்கவேண்டும் என்று எந்த அச்சகக்காரரும் சொன்னதில்லை. எஞ்சின் உரிமையாளர்கள் சொன்னார்கள்.

கதை 1993 டிசம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய ஐடி சொஃப்ட்வெயர் என்ற சிறு நிறுவனம் டூம் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் முதற்பகுதி இலவசம். எஞ்சியதை வேண்டுவோர் பணம் செலுத்த வேண்டும். அதன் நிரலாளர் ஜோன் கார்மக், விளையாட்டின் படங்களையும் களங்களையும் எஞ்சினிலிருந்து பிரித்துத் தனிக் கோப்புகளில் வைத்திருந்தார். எஞ்சினைத் தொடாமலே எவரும் புதிய களங்களை அமைக்கலாம் என்ற நிலை இதனால் உருவானது. அமைத்தார்கள். ஐடி நிறுவனம் தடுக்கவில்லை. ஆனால் அவை பணம் கொடுத்து வாங்கிய டூமில் மட்டுமே இயங்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இரசிகர்களின் இலவச உழைப்பு டூமின் விற்பனைக்கு உதவும் என்பதை அந்நிறுவனம் நன்கு அறிந்திருந்தது. அதே எஞ்சினைப் பணம் கொடுத்துப் பெற்ற ரேவன் சொஃப்ட்வெயர் நிறுவனம் 1994இல் ஹெரெட்டிக் என்ற விளையாட்டை உருவாக்கிக் கடைகளுக்கு அனுப்பியது. ஒரே எஞ்சின், பணம் கொடுத்தவர் விற்கலாம், கொடுக்காதவர் சும்மா கொடுக்கலாம்.

இந்தக் கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை 1995இன் இறுதியில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. டீம்ரிஎன்ரி என்ற இரசிகர் குழு முப்பத்திரண்டு களங்கள் கொண்ட ஒரு பெருந்தொகுதியை இலவசமாக வெளியிடுவதாக அறிவித்திருந்தது. வெளியீட்டுக்குச் சற்று முன்னர் ஐடி நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிவிட்டது. 1996இல் அது ஃபைனல் டூம் என்ற பெயரில் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இலவசம் என்று காத்திருந்த இரசிகர்கள் கொதித்தெழுந்து குழுவினரை வசைபாடினர். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகப் படவில்லை. செய்த வேலைக்குக் கூலி கிடைக்கும் ஒரே வாசல் அதுதான். அதில் நுழைந்தவரைத் துரோகி என்பது எவ்விதத்திலும் பொருந்தாது.

அந்த வாசல் வேறு சிலருக்கும் திறந்தது. வால்வ் நிறுவனம் குவேக் எஞ்சினின் உரிமத்தைப் பெற்று 1998இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டை வெளியிட்டது. அதன் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999இல் கவுண்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கி இலவசமாக வழங்கினர். 2000ஆம் ஆண்டில் வால்வ் அதனை வாங்கி விற்பனைக்கு விட்டது. அக்காலத்தில் ஒரு பெரிய எஞ்சினின் வணிக உரிமம் இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியானது. மாணவர் ஒருவருக்கு அது கனவிலும் எட்டாத தொகை. எபிக் நிறுவனம் நடத்திய போட்டியொன்றில் முதற்பரிசாக அன்ரியல் எஞ்சினின் உரிமத்தையே வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். ரெட் ஒர்க்கெஸ்ட்ரா என்ற இலவச விளையாட்டைச் செய்த குழு அப்பரிசை வென்று, 2005இல் டிரிப்வயர் என்ற நிறுவனத்தை அமைத்து, 2006இல் தன் விளையாட்டைப் புதுப்பித்து விற்றது. விற்கும் உரிமை பரிசாகக் கிடைத்த ஒரு குழுவுக்குப் பின்னால் அது கிடைக்காத பல குழுக்கள் இருந்தன. அவற்றின் பெயர்களை இன்று அறிந்தோர் மிகச் சிலரே.

இந்த வேலியால் தீமை மட்டுமே விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் போட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டான் பிஞ்ச்பெக் ஒரு கேள்வியை ஆராய விரும்பினார். சுடுவது, ஓடுவது, புதிர் அவிழ்ப்பது அனைத்தையும் நீக்கிவிட்டால் விளையாட்டில் என்ன மிஞ்சும்? ஆராய்ச்சி நிதி கிடைத்தது. வால்வின் சோர்ஸ் எஞ்சினில் டியர் எஸ்தர் உருவாகி 2008இல் இலவசமாக வெளிவந்தது. ஸ்கொட்லாந்துக்கு அப்பாலுள்ள ஹெப்ரிடிஸ் தீவு ஒன்றில் விளையாடுபவர் தனியே நடக்கிறார். இறந்துபோன பெண்ணுக்கு எழுதப்பட்ட கடிதங்களின் துண்டுகளை ஒரு குரல் வாசிக்கிறது. ஜெசிக்கா கறியின் இசை கூடவே வருகிறது. வேறொன்றும் நிகழ்வதில்லை. விற்பனையை எதிர்பார்த்த எந்த நிறுவனமும் இப்படியொன்றுக்கு அன்று பணம் போட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. விற்க முடியாது என்பதே அதற்குக் கிடைத்த சுதந்திரம்.

ஆயினும் கதை அங்கே நிற்கவில்லை. மிரர்ஸ் எட்ஜ் விளையாட்டில் பணியாற்றிய ஓவியக் கலைஞர் றொபேட் பிறிஸ்கோ 2009 முதல் அத்தீவைப் புதிதாக வரையத் தொடங்கினார். குகைகளும் கரையோரப் புற்களும் நிலவொளியும் முற்றாக மாறின. இவ்வளவு உழைப்பை மீண்டும் சும்மா கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. விற்பதாயின் சோர்ஸ் எஞ்சினின் வணிக உரிமம் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சுயாதீன விளையாட்டுகளுக்கு உதவவென அமைக்கப்பட்ட இண்டி ஃபண்ட் முன்வந்தது. 2012 பெப்ரவரி 14ஆம் திகதி விற்பனை தொடங்கியது. முதலீடு முழுவதும் ஆறு மணித்தியாலத்துக்குள் மீண்டது. முதல் நாளில் 16,000க்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. நான்கு ஆண்டுகளாக இலவசமாகக் கிடைத்த ஒரு படைப்புக்கு மக்கள் பணம் கொடுக்க ஆயத்தமாகவே இருந்தனர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. டேவி ரெடனின் ஸ்ரான்லி பரபிள் 2011இல் இலவசமாகத் தோன்றி 2013இல் விலைக்கு வந்ததும் ஏறத்தாழ இதே பாதையில்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. ஐடி நிறுவனம் தன் பழைய எஞ்சின்களின் மூல நிரலை ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுவில் வைத்தது. டூமின் நிரல் 1997இல், குவேக்கின் நிரல் 1999இல், மூன்றாம் குவேக்கின் நிரல் 2005 ஓகஸ்டில் வெளியாயின. அதுவரை மூன்றாம் குவேக்கை வாங்கியவர் மட்டுமே விளையாடக்கூடியதாக இருந்த டிரெமியுலஸ், 2006இல் எவரும் எதையும் வாங்காமல் இயக்கக்கூடிய தனி விளையாட்டாக மாறியது. கட்டற்ற மென்பொருளுக்கான அந்த அனுமதி விற்பனையைத் தடைசெய்யவில்லை. நிரலைப் பிறருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. ஆகவே டிரெமியுலசின் இலவசம் வேறு வகையானது. விற்கலாம் என்றிருந்தும் விற்காமல் கொடுத்தது அது. கொடை என்ற சொல் எனக்கு இங்குதான் முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

பின்னர் காலம் மாறியது. எபிக் 2015இல் அன்ரியல் எஞ்சினைக் கட்டணமின்றித் தரவிறக்க அனுமதித்தது. விற்றால் மட்டும் வருமானத்தில் ஒரு பங்கு. யுனிட்டியின் இலவசப் பதிப்பிலேயே ஆயிரக்கணக்கான சிறு படைப்பாளிகள் தொழில் பழகினர். டியர் எஸ்தரும் சோர்ஸ் எஞ்சினை விட்டு யுனிட்டிக்கு மாற்றப்பட்டு 2016, 2017ஆம் ஆண்டுகளில் மீண்டும் வெளியானது. வேலி அகற்றப்பட்டுவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

2023 செப்டெம்பர் 12ஆம் திகதி யுனிட்டி நிறுவனம் ஓர் அறிவித்தலை விடுத்தது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் அறவிடப்படும். இலவசப் பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு நிறுவலொன்றுக்கு 20 அமெரிக்க சதம். ஏற்கெனவே வெளியானவையும் இதற்குள் அடங்கும். முற்றிலும் பணம் ஈட்டாத விளையாட்டை இது தொடாது என்பது மெய். ஆனால் ஓரளவு விற்றுவிட்டுப் பின்னர் அதே விளையாட்டைச் சிலகாலம் சும்மா வழங்கும் வழக்கம் சுயாதீனப் படைப்பாளிகளிடையே பரவலானது. அப்படி வழங்குபவர் பெறுபவர் ஒவ்வொருவருக்காகவும் தன் கையிலிருந்து பணம் கட்டவேண்டிவரலாம். முன்பு விற்கக்கூடாது என்றிருந்த இடத்தில் இப்போது கொடுத்தால் தண்டம் என்று வந்து நின்றது. தர்ம நிதிக்காக வழங்கப்படும் பிரதிகளுக்கு விலக்குண்டு என்று நிறுவனம் விளக்கியது. அவற்றை எவ்வாறு பிரித்தறிவது என்பது எவருக்கும் விளங்கவில்லை.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பத்து நாட்களில் திட்டம் தளர்த்தப்பட்டது. ஒக்டோபரில் தலைமை நிறைவேற்று அதிகாரி ஜோன் றிச்சிற்றியெல்லோ பதவி விலகினார். டெராரியா விளையாட்டைச் செய்த றீ-லொஜிக், கட்டற்ற எஞ்சினான கோடோவுக்கு 100,000 டொலரை வழங்கியது. சரியாக ஓராண்டின் பின், 2024 செப்டெம்பர் 12ஆம் திகதி, நிறுவற் கட்டணம் முற்றாக நீக்கப்பட்டது. அதே அறிவித்தலில், கட்டணப் பதிப்புகளின் சந்தா உயர்த்தப்படுவதும் இலவசப் பதிப்புக்கான வருமான வரம்பு 100,000 டொலரிலிருந்து 200,000 டொலராக மாற்றப்படுவதும் சொல்லப்பட்டிருந்தன.