இரத்தக் காட்டேரியும் எமது அச்சமும்

1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலில் வரும் பிரபுவின் மூச்சு நாற்றமெடுக்கும். உள்ளங்கையில் மயிர் முளைத்திருக்கும். அவனைக் காதலிக்க எவருக்கும் தோன்றாது. 1976இல் ஆன் ரைஸும் 2005இல் ஸ்டெஃபனி மேயரும் எழுதிய நாவல்களுக்குப் பின்னர், இரத்தக் காட்டேரி ஏக்கமும் அழகும் நிறைந்த நாயகனாகிவிட்டான். ஆயினும் பழைய கொடூரத்தையே தேடிப் படிக்கும் வாசகர் இன்றும் உளர். அவர்களது நாட்டத்தை விளங்கிக்கொள்ள எமது மரபிலேயே வழியுண்டு.

கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டார், போர்க்களத்தில் பசித்த பேய்களை இறக்கிவிடுகிறார். அவை பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. வெற்றியைப் புகழும் நூலே அவ்வெற்றியின் விலையையும் காட்டிவிடுகிறது.

பழையனூர் நீலி அழகிய மனைவியின் உருவில் வந்தவள். ஆனால் அவள் காதல் நாடி வரவில்லை. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிதீர்க்க வந்தாள். அவளது கண்ணீரை நம்பி அவனுக்குப் பிணைநின்ற எழுபது வேளாளர், அவன் கொல்லப்பட்டதும் சொன்ன சொல்லைக் காக்கத் தீயில் இறங்கினர். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் எளிதாகச் சொல்லும் வழக்கின் பின்னே ஒரு கொலை இருக்கிறது.

சங்கப் பாடல்களை அவற்றின் நிலத்தோடு சேர்த்து ஆராய்ந்தவர், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். அந்த நோக்கு பேய்க்கதைக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்து நாட்டு வழக்கில் பிள்ளைப்பேற்று வீட்டை நாடி வரும் பேய் கொத்தி. மருத்துவிச்சி பாட்டுப் பாடி அதனைப் போகச் சொல்வாள். குருதிப்பெருக்கினால் தாய்மார் இறந்த காலத்தில், அவ்வீட்டாரின் பயத்துக்கு அப்பேய் ஒரு பெயரையும் உருவத்தையும் கொடுத்தது. பெயரிட்டதனாலேயே அதனை விரட்டவும் முடிந்தது.

எமது பேய்கள் அநீதியிலும் அகால மரணத்திலும் பிறந்தவை. அவற்றைக் காதலராக்கினால் இறந்தவரின் முறையீடு மறைந்துபோகும். அச்சந்தரும் கதையை வாசகன் விரும்புவது அது அந்த முறையீட்டை மழுப்பாமல் சொல்வதனாலேயே என்பது என் எண்ணம்.

தொல்காப்பியம் அச்சத்துக்கு நான்கு காரணங்களைக் கூறுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வத்தில் தொடங்கிய அந்த வரிசை ஆள்வோரில் முடிகிறது. 1990ஐ அடுத்த ஆண்டுகளில் கரம்பொன் உள்ளிட்ட தீவகத்து ஊர்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களை வீட்டைவிட்டு ஓடச்செய்தது புளியமரத்துப் பேயன்று. தொல்காப்பியர் இறுதியாக வைத்த அச்சம் அது. அதனை விரட்ட எந்த மருத்துவிச்சியிடமும் பாட்டிருக்கவில்லை.